யாளி யாரைப் பார்த்துச்சு

ஒரு ஊர்ல ஒரு வீணை ஆசாரி இருந்தாரு. ராஜா எங்கேன்னு கேட்காதே. ராஜா அப்புறமா வருவான், வந்து எல்லாத்தையும் கெடுப்பான். முதல்ல ஆசாரி. காலை மடக்கிக்கோ கோமு, போர்வையை உதைக்காதே. ஒழுங்கா ம் கொட்டணும், சொல்லிட்டேன். நீ ம் கொட்டாட்டி அத்தை என்ன சுவத்துக்கா கதை சொல்றது?

ம்.

அப்படி. சாயங்காலம் காலண்டரைப் பார்த்துட்டு என்ன கேட்டே? சரஸ்வதி கையில இருக்கற வீணையோட நுனியில எதுக்கு ஒரு மிருகம் பல்லைக் காட்டுதுன்னு கேட்டேல்ல? உங்கப்பன் என்ன சொன்னான், சும்மா அழகுக்குன்னான். அழகுக்காம் அழகுக்கு. எதைக் கேட்டாலும் என் தம்பிக்கு ஒரே பதில்தான். அது பேரு யாளி. கோயில் தூண்ல பார்த்திருக்கியே, சிங்க மூஞ்சி, முட்டைக் கண்ணு, வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குமே, அதேதான். அது ஏன் வீணையில வந்து உட்கார்ந்துச்சுன்னு சொல்றேன். ஆனா கேட்டுட்டு அழக்கூடாது. இது நல்ல கதை இல்லை.

ம்.

அந்த ஆசாரி பேரு சடையப்பன். அவர் பொண்டாட்டி பிச்சம்மா. ஒரே ஒரு பொண்ணு, அவ பேரு ஆவுடை. மூணு பேரும் விடிஞ்சா பட்டறையிலதான் கிடப்பாங்க. ஆசாரி பலாமரத்தைக் குடைவாரு, குர்ர் குர்ர்னு. பிச்சம்மா தந்திக்கு அடியில பித்தளை மெட்டுக்கட்டை வைக்கிறதுக்கு மெழுகு காய்ச்சுவா, அது கொதக் கொதக்னு கொதிக்கும். ஆவுடைதான் தந்தி கட்டுறது. கட்டி, காதைப் பக்கத்துல வச்சு, சுருதி சேர்ப்பா. டிங், டிங், டிய்ய்ங். சின்னதுலருந்து சேர்த்துச் சேர்த்து அவளுக்கு வாசிக்கவும் வந்துடுச்சு. அவ வாசிச்சா தெருவுல போற மாட்டுவண்டி நின்னுடும். மாடு நிக்குமா, வண்டிக்காரன் நிறுத்துவானான்னு கேட்காதே. நிக்கும், அவ்வளவுதான்.

அப்போ அந்தப் பட்டறையில செய்யற வீணையில எதையும் சும்மா செதுக்க மாட்டாங்க. குடத்துல தாமரை இருக்கும், ஏன்னா சத்தம் அங்கதான் பூக்குது. தண்டி, அதான் நீளக் கழுத்து, அது ஓரமா கிளி வரிசை இருக்கும், ஏன்னா தந்தி பேசணும். அப்புறம் நுனியில யாளி. அது காவக்காரன். நல்லா வாசிச்சா ஊர்க்கண்ணு படும்ல? அது வாசிக்கிறவ மேல படாம, யாளி தன் வாயில வாங்கி முழுங்கிடும். அதுக்குத்தான் அது வாயைத் திறந்துக்கிட்டு வெளியவே பார்க்குது.

ம்.

ஆனா காவக்காரனுக்கு யாரைக் காக்கணும்னு தெரிய வேண்டாமா? அதுக்கு ஒரு முறை உண்டு. யாளித் தலையைத் தனியாச் செதுக்குவாங்க. மூக்கு, பல்லு, பிடரி எல்லாம் முடிச்சிருவாங்க, கண்ணை மட்டும் மூடியே வச்சிருப்பாங்க. வீணை யாருக்கோ, அவங்க பட்டறைக்கு வரணும். வந்து கீழ, மரத்தூள்ல, யாளிக்கு நேரா உட்காரணும். ஆசாரி யாளிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, கையை முன்னால வளைச்சு, சின்ன உளியால கண்ணைத் திறப்பாரு. டக், டக். முன்னாடி நிக்க மாட்டாரு. நின்னா அது அவரைப் பார்த்துருமே. அப்புறம் உட்கார்ந்திருக்கறவங்க அவங்க கையாலயே ஒரு தடவை தந்தியை மீட்டணும். அதுக்கப்புறம்தான் தலையைத் திருப்பி மாட்டுவாங்க. முதல்ல உன்னைப் பார்க்கும், பிறகு உனக்காக ஊரைப் பார்க்கும். அப்புறம் வேற யாரு கை பட்டாலும் அந்த வீணை பேசாது. புரியுதா?

ம்.

அப்போதான் வந்தான் ராஜா. புதுசாக் கல்யாணம் ஆனவன். அவன் கட்டிக்கிட்டு வந்த ராணி, எனக்கு வீணை வாசிக்கத் தெரியும், எங்க தேசத்துலயே என்னை மாதிரி யாரும் இல்லைன்னு சொல்லி வச்சிருந்தா. ராஜா அதைக் கேட்டு வாயெல்லாம் பல்லாயிட்டான். அடுத்த தேசத்து ராஜாக்களுக்கெல்லாம் ஆள் அனுப்பி, நவராத்திரிக்கு வாங்க, என் ராணி வாசிப்பான்னு கூப்பிட்டுட்டான். அப்புறம் ஆசாரிக்குச் சேதி அனுப்பினான், இது வரைக்கும் யாரும் செய்யாத வீணையா இருக்கணும்னு.

ஆசாரி செஞ்சாரு. சும்மா சொல்லக் கூடாது, சோறு தண்ணி மறந்து செஞ்சாரு. மான்கொம்புல தாமரை இழைச்சாரு, ஒவ்வொரு கிளிக்கும் ஒவ்வொரு விதமா மூக்கு வச்சாரு. யாளியைச் செதுக்கி முடிச்சதும் அவருக்கே அதைப் பார்க்க ஒரு நடுக்கம் வந்துச்சாம். இனிமே கண்ணு ஒண்ணுதான் பாக்கி. ராணியம்மா வந்து உட்காரணும்னு அரண்மனைக்குச் சொல்லி அனுப்பினாரு.

அரண்மனையில இருந்து ஒரு பெட்டி வந்துச்சு. திறந்து பார்த்தா உள்ள ஒரு ஜோடி செருப்பு. ராணியம்மாவோட செருப்பு, இதை வச்சு வேலையை முடின்னு சேதி. ஆவுடைக்குச் சிரிப்புத் தாங்கல. ஆசாரி செருப்பைத் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டுட்டு, இதைப் பார்த்தா யாளி செருப்பைத்தான் காக்கும், ராணியம்மாதான் வரணும்னு திருப்பி அனுப்பினாரு.

ம்.

அப்புறம் ஒரு படம் வந்துச்சு. ராணியை எழுதின படம், பொன்னு பூசி, ஆள் உயரத்துக்கு. ஆசாரி அதையும் பார்த்தாரு. படத்துக்குக் கை இருக்கு, ஆனா அது தந்தியை மீட்டாதே, மன்னிக்கணும்னு அதையும் திருப்பி அனுப்பினாரு.

அப்புறம் பல்லக்கே வந்துச்சு. ஹோ ஹோன்னு தூக்கிக்கிட்டு வந்து பட்டறை வாசல்ல இறக்கினாங்க. திரை இழுத்து மூடியிருந்துச்சு. ஆசாரி கும்பிட்டு நின்னாரு. கால் கடுக்க நின்னாரு. உள்ள வளையல் சத்தம் கேட்டுச்சு, கிணு கிணுன்னு. திரை மட்டும் விலகல. வெயில் ஏறினதும் பல்லக்கு அப்படியே திரும்பிப் போயிடுச்சு.

ஏன் இறங்கல?

கேட்டியே, அது கேள்வி. எல்லாரும் என்ன நினைச்சாங்க, ராணிக்குத் திமிர், மரத்தூள்ல உட்கார மாட்டாங்கறான்னு நினைச்சாங்க. காரணம் அது இல்லை. அப்புறமாச் சொல்றேன்.

பல்லக்கு போன பின்னாடியே சேவகன் வந்துட்டான். நாளைக்கு விருந்தாளிங்க வர்றாங்க, பொழுது சாயறதுக்குள்ள வீணை வரணும், இல்லேன்னா ஆசாரிக்குக் கை இருக்காதுன்னு சொல்லிட்டுப் போனான். பிச்சம்மா புருஷன்கிட்ட வந்தா. கண்ணைத் திறக்காமலே அனுப்பிருங்க, தந்தி கட்டினாச் சத்தம் வரப் போகுது, மூடின கண்ணை எவன் குனிஞ்சு பார்க்கப் போறான்னா. சரியான பேச்சு. அந்த வீட்டுல மூளை இருந்தது அவ ஒருத்திக்குத்தான். ஆனா ஆசாரிக்கு அது ஏறல. கண்ணு திறக்காத யாளி எங்க தாத்தா காலத்துலருந்து இந்தப் பட்டறை வாசலைத் தாண்டினது இல்லைன்னாரு. அதுவும் இந்த யாளியையா குருடா அனுப்புவேன்னு கேட்டாரு. அப்புறம் ஆவுடையைத் திரும்பிப் பார்த்தாரு.

ம்.

பிச்சம்மாவுக்கு அந்தப் பார்வையிலயே புரிஞ்சு போச்சு. பொண்ணை உட்கார வைக்காதீங்கன்னு கையைப் பிடிச்சா. அவர் கேட்கல. பொண்ணுன்னா பொண்ணு, யாளிக்கு ராணின்னு தெரியவா போகுது, உட்காரும்மான்னாரு. ஆவுடையும் உட்கார்ந்தா. அவளுக்கு ஆசையாத்தான் இருந்துச்சு, பாவம். பிறந்ததுலருந்து ஊருக்கெல்லாம் தந்தி கட்டினவ, அவளுக்குன்னு ஒரு யாளி கண்ணு திறந்ததில்லை. டக், டக். கண்ணு திறந்துச்சு. அவ தந்தியை மீட்டினா. கிணிங்ங்ங்னு அது போய்க்கிட்டே இருந்துச்சு. பிச்சம்மா மட்டும் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்னுக்கிட்டா.

அப்புறம் வீணையை அரண்மனைக்கு எடுத்துக்கிட்டுப் போனாங்க. சுருதி சேர்க்கணுமேன்னு ஆசாரி ஆவுடையையும் கூட்டிக்கிட்டுப் போனாரு. ராஜா இருந்தான், ராணி இருந்தா. ராணி வீணையை மடியில வச்சு மீட்டினா. டொக். இன்னொரு தடவை. டொக், டொக். கதவைத் தட்டற மாதிரி சத்தம். ராஜா மூஞ்சி கறுத்துப் போச்சு. ஆவுடைக்கு வீணை கெட்டுப் போச்சோன்னு பயம், ஓடிப் போய்த் தந்தியைத் தொட்டா. கிணிங்ங்ங். அரண்மனைத் தூண் எல்லாம் அதிர்ந்துச்சு.

ராஜா ஆசாரியைப் பார்த்தான். ஆசாரி கையைக் கூப்பினாரு. யாளி என் பொண்ணைப் பார்த்துருச்சு சாமின்னு நடந்ததை எல்லாம் சொல்லிட்டாரு. ராஜா கத்துவான்னு பார்த்தா, சிரிக்கறான். கத்தற ராஜாவை நம்பலாம் கோமு, சிரிக்கறவனை நம்பக் கூடாது. உன் பொண்ணே வாசிக்கட்டும், விருந்தாளிங்க போனதும் அனுப்பிடறேன்னான்.

ம்.

மறுநாள் சபையில ராணி பட்டு உடுத்தி, மடியில அந்த வீணையை வச்சுக்கிட்டு உட்கார்ந்தா. அவளுக்குப் பின்னாடி ஒரு திரை. திரைக்கு உள்ள ஆவுடை. எப்படி வாசிச்சா? வீணையோட குடமும் பாதித் தண்டியும் திரையில இருக்கற கிழிசல் வழியா உள்ள போற மாதிரி, யாளி இருக்கற நுனி மட்டும் வெளிய ராணி மடியில வர்ற மாதிரி வச்சிருந்தாங்க. வெளிய ராணி விரலை ஆட்டுவா, சத்தம் வராத மாதிரி. உள்ள ஆவுடை எட்டி எட்டித் தந்தியைத் தொடுவா. தோள்பட்டை விட்டுப் போகும். விருந்தாளி ராஜாக்கள் கண்ணுல தண்ணி. ராணியம்மா கையே கைன்னு எழுந்து நின்னு கும்பிட்டாங்க. ராணியும் திருப்பிக் கும்பிட்டா, கூச்சமே இல்லாம.

விருந்தாளிங்க போனாங்க. ஆவுடையை அனுப்பல. வேற விருந்தாளிங்க வந்தாங்க, அவங்களும் போனாங்க. அப்பவும் அனுப்பல. ஆசாரி போய்க் கால்ல விழுந்தாரு. புதுசா ஒரு வீணை செய்யறேன், இந்தத் தடவை ராணியம்மாவே யாளி முன்னாடி உட்காரட்டும், அது அவங்களுக்கே பேசும், என் பொண்ணை விட்டுருங்கன்னாரு. சரின்னான் ராஜா. வீணை ஆச்சு. ராணி பட்டறைக்கு வந்தா, விளக்கெண்ணெய் குடிச்ச மூஞ்சியோட வந்து உட்கார்ந்தா. டக், டக். கண்ணு திறந்துச்சு. மீட்டினா. கிணிங்னு நல்லா வந்துச்சு. ஆசாரிக்கு உயிர் வந்துச்சு. சரி, வாசின்னான் ராஜா. வாசிச்சா. டொர்ர், பிய்ங், டொர்ர். கோழி குப்பையைக் கிளறும்ல, அதுதான்.

அவளுக்குத் தெரியாதா?

தெரியாது. ஒண்ணுமே தெரியாது. அதுக்குத்தான் அன்னைக்குப் பல்லக்கை விட்டு இறங்கல. இறங்கினா ஆசாரி முன்னாடி மீட்டணுமே, மீட்டினதும் வாசிங்கன்னு கேட்பாங்களே, வண்டவாளம் தெரிஞ்சிடுமே. யாளி பேர்ல ஒரு தப்பும் இல்லை. ராஜா ஆசாரியைத் தனியாக் கூப்பிட்டான். என் ராணிக்கு வாசிக்க வராதுன்னு எனக்கு இப்போ தெரியும், உனக்கும் தெரியும், மூணாவது ஆளுக்குத் தெரியக் கூடாது, உன் பொண்ணு இங்கேயே இருக்கட்டும்னு சொன்னான். வெள்ளிக்கிழமையில கொல்லை வாசல்ல வந்து பார்த்துக்கோ, பேசினா அவ விரல் இருக்காதுன்னும் சொன்னான்.

தூங்கிட்டியா?

இல்லை.

ம் கொட்டு அப்போ. இனிமேதான் எனக்கு வயிறு எரியற இடம் வருது.

அடுத்த நவராத்திரியும் வந்துச்சு. பிச்சம்மா யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சிருந்தா. விருந்துக்கு வர்றவங்கள்ல ஒரு கிழ ராஜா உண்டு, அவர் எல்லாரையும் விடப் பெரிய ராஜா, வீணைன்னா உயிரு. இந்த ராஜாவே அவர் முன்னாடி உட்கார மாட்டான். அவர் இருக்கும்போது சபையில சொல்லிருங்க, அவர் காதுல விழுந்துட்டா நம்ம பொண்ணை யாரும் தொட முடியாது, அப்படியே கூட்டிக்கிட்டு வந்துடலாம்னு புருஷன்கிட்ட சொன்னா. சொல்றேன்னாரு. சத்தியம் பண்ணுங்கன்னா. அவ தலையில கையை வச்சுப் பண்ணினாரு.

சபை கூடிச்சு. பிச்சம்மா கடைசித் தூண்கிட்ட கூட்டத்தோட கூட்டமா நின்னா. திரைக்கு முன்னாடி ராணி, பின்னாடி ஆவுடை, நடுவுல அந்த முதல் வீணை. வாசிப்பு நடந்துச்சு. முடிஞ்சதும் கிழ ராஜா எழுந்து கிட்ட வந்தாரு. ராணியைப் பார்க்கல. குனிஞ்சு யாளியைப் பார்த்தாரு, நேரம் போறது தெரியாமப் பார்த்தாரு. இதைச் செஞ்சவன் எங்கேன்னு கேட்டாரு.

ஆசாரி முன்னாடி வந்தாரு. திரை அவருக்குக் கை எட்டற தூரம். அதுக்குள்ளதான் பொண்ணு இருக்கா, மூச்சு விடறது கூடக் கேட்கும். கிழ ராஜா தன் தோள்ல கிடந்த சால்வையை எடுத்து ஆசாரிக்குப் போர்த்தினாரு. சபையே எழுந்து நின்னுச்சு. நானும் எத்தனையோ வீணை பார்த்திருக்கேன், இப்படி முறை தப்பாமச் செஞ்சதைப் பார்த்ததில்லைன்னாரு. அப்புறம் கேட்டாரு, "உள்ளதைச் சொல்லு ஆசாரி. யாருக்கும் பயப்படாதே, நான் இருக்கேன். இந்த யாளி கண்ணு திறந்தப்போ யாரைப் பார்த்துச்சு?"

பார்த்தியா? கேட்டே கேட்டுட்டாரு. அவருக்குக் காதுல ஏதோ பட்டிருக்கு, அதான் கேட்கறாரு. பயப்படாதேன்னும் சொல்லிட்டாரு. என் பொண்ணைன்னு ஒரு வார்த்தை போதும். பிச்சம்மா தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. திரைக்குள்ள ஆவுடை எழுந்தே நின்னுட்டா, கொலுசுச் சத்தம் கேட்டுச்சாம்.

ஆசாரி சால்வையைப் பார்த்தாரு. சபையைப் பார்த்தாரு. என் பொண்ணைன்னு சொன்னா, ராஜா தப்பு மட்டுமா தெரியும்? வேற ஆளுக்குச் செஞ்ச வீணைக்கு வேற ஆள் முன்னாடி கண்ணைத் திறந்த ஆசாரின்னு அத்தனை தேசத்துக்கும் தெரிஞ்சிடும். முறை தப்பாதவன்னு இப்பத்தானே சொன்னாங்க.

"ராணியம்மாவைப் பார்த்துத்தான் கண்ணு திறந்துச்சு சாமி"ன்னான்.

ஆமா, சொன்னான்தான். இனிமே அவனை அவரு இவருன்னு சொல்ல எனக்கு வாய் வரல. பயந்து சொன்னான்னு சொல்றவங்க உண்டு. பயம்னா நான் ஒத்துக்குவேன், பயம் யாருக்கு இல்லை. இது பயம் இல்லை கோமு. பெத்த பொண்ணை விடப் பட்டறைப் பேரு பெரிசாப் போச்சு அவனுக்கு.

கிழ ராஜா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாரு. அப்படியா, சரின்னு போய் உட்கார்ந்துட்டாரு. வேற என்ன பண்ணுவாரு? செஞ்சவனே சொல்லிட்டானே. அப்புறம் இன்னொரு பாட்டு வாசிக்கச் சொன்னாங்க. ராணி விரலை ஆட்டினா. திரைக்குள்ள எழுந்து நின்னவ மறுபடி உட்கார்ந்தா. அப்புறம் ஆவுடை வாசிச்சா. நல்லாத்தான் வாசிச்சா, ஒரு இடம் பிசகல. பிச்சம்மா அதைக் கேட்டுக்கிட்டே கூட்டத்தை விலக்கிட்டு வெளிய வந்து, தனியா வீட்டுக்கு நடந்து போயிட்டா. அன்னையிலருந்து புருஷனுக்குச் சோறு போடுவா, பேச மாட்டா.

ம்.

அப்புறம் வெள்ளிக்கிழமை வந்துச்சு. ஆசாரி கொல்லை வாசலுக்குப் போனான். ஆவுடைக்குப் பிடிக்குமேன்னு எள்ளுருண்டை வாங்கி மடியில கட்டிக்கிட்டுப் போனான். காவல் இருந்த பொம்பளைகிட்ட, அப்பா வந்திருக்கேன்னு சொல்லும்மான்னான். எப்பவும் பேரைச் சொன்னதும் ஓடி வருவா. அன்னைக்கு வரல. அந்தப் பொம்பளை மட்டும் திரும்பி வந்தா. என்னம்மா சொன்னா என் பொண்ணுன்னு கேட்டான்.

காவக்காரி சொன்னா: "உங்க யாளி ராணியைத்தான் பார்த்துச்சாமே. நீங்களும் ராணியையே பார்த்துட்டுப் போவீங்களாம்."

அவன் அங்கேயே நின்னான். அடுத்த வெள்ளிக்கிழமையும் போய் நின்னான், அதுக்கு அடுத்த வெள்ளியும். பிச்சம்மா போனா மட்டும் ஆவுடை வந்து, கம்பி வழியா அம்மா கையைப் பிடிச்சுக்குவா. அவன் வந்தா வர மாட்டா.

அப்புறம் வீட்டுக்கு வந்துட்டாளா, அத்தை?

வரல.

ராஜா செத்ததுக்கு அப்புறம்?

ராஜா செத்தா இன்னொரு ராஜா வருவான், இன்னொரு ராணி வருவா. அவளுக்கும் வாசிக்கத் தெரியாது. திரை அப்படியே இருந்துச்சு. அழாதேன்னு முதல்லயே சொன்னேன்ல? இங்க திரும்பு. மூக்கைத் துடை. உன்னை யாரு முன்னாடியும் யாரும் உட்கார வைக்க மாட்டாங்க, அத்தை இருக்கேன், எவன் வர்றான் பார்ப்போம். போதும். கதை கரை ஏறிடுச்சு, நீ கண்ணை மூடு.